என் தம்பியும் நத்தை வாத்தியாரும்

என் தம்பிக்குப் பொறாமை உடம்போடு ஒட்டிப் பிறந்தது. இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதுவதில் தப்பில்லை. சின்ன வயதில் அம்மா எனக்குத் தலை வாரும்போது நடுவில் வந்து தன் ஒட்ட வெட்டிய தலையை நீட்டுவான். எனக்குக் காய்ச்சல் என்று என்னைக் கட்டிலில் படுக்க வைத்தால் அவனுக்கும் நெற்றி சுடுகிறதா என்று எல்லோரும் தொட்டுப் பார்க்க வேண்டும். வளர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை வைத்த பிறகும் அது போகவில்லை. எதிர்க்கடையில் வாங்கிய கண்ணாடியை யாராவது போட்டுக்கொண்டு போனால், தெருவின் அந்தக் கோடியில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவான்.

"அக்கா, அந்தாளு மூக்கப் பாரு. எதிர்க்கடை ஃப்ரேம். இடது பக்கம் சாஞ்சு கெடக்கு."

எனக்கு நேராகத்தான் தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். கடையில் நான் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்களைக் கவனிக்கிறேன். அவன் பின்னால் பலகைத் தடுப்புக்கு அப்புறம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தோடு இருக்கிறான். நாள் முழுக்க அந்தச் சக்கரத்தின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அவன் விரல் இடுக்கில் எப்போதும் சாம்பல் நிறத்தில் ஒரு குழைவு ஒட்டியிருக்கும், அது கண்ணாடித் தூள். பத்து தடவை வந்து "காதுக்குப் பின்னால வலிக்குது" என்று சொல்பவரிடமும் பதினோராவது தடவையாகக் கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொடுப்பான். பொறாமையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் தங்கமான பிள்ளை.

அவனுக்கு வாய்த்தவள் கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறாள். நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி. உலகத்தில் வேறு உயிரே கிடைக்கவில்லையா என்று கல்யாணமான புதிதில் நான் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் விளக்கினாள். நத்தை நகர்ந்தால் பின்னால் பிசுபிசுவென்று ஒரு தடம் விழும். அந்தப் பிசினைச் சுரப்பதற்குள் அதற்குப் பாதி சக்தி போய்விடும். அதனால் ஏற்கெனவே ஒரு நத்தை போன தடம் கிடைத்தால் இன்னொன்று அதன் மேலேயே ஏறிப் போய்விடும். ஓசிச் சவாரி என்று நான் புரிந்துகொண்டேன். தடம் எவ்வளவு காயும்வரை நத்தையால் அதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் அவள் கேள்வி. நத்தைகள் நடப்பதற்கான கண்ணாடிப் பலகைகளை வெட்டி, கை கீறாதபடி ஓரம் தேய்த்துக் கொடுத்தது என் தம்பி.

அப்போதெல்லாம் அவள் கல்லூரி விட்டதும் நேரே கடைக்குத்தான் வருவாள். கண் பரிசோதிக்கும் உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அன்றைக்கு எந்த நத்தை எங்கே போனது என்று சொல்வாள். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பான். யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் கேட்பவன் தான்தான் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. "இது இன்னும் வெளிய யாருக்குமே தெரியாது, அக்கா," என்று என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வான். நத்தை ரகசியத்தைத் திருட யார் வரப் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவள் வருவதற்கு முன்னால் அவன் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவன். அதையும் நினைத்துக்கொள்வேன்.

அவள் அந்த ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதி ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பினாள். ஒரு வருடத்துக்கு மேல் அதை வைத்திருந்துவிட்டு, நத்தைகளின் எண்ணிக்கை போதாது என்று நாலு வரியில் திருப்பி அனுப்பினார்கள். அவள் அழவில்லை. இணையத்தில் ஒரு தளம் இருக்கிறதாம். பத்திரிகையில் வருவதற்கு முன்பே, யாரும் சரிபார்ப்பதற்கு முன்பே, கட்டுரையை அதில் அப்படியே போட்டுவிடலாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கீழே கேள்வி கேட்கலாம், தப்பு கண்டுபிடிக்கலாம். கட்டுரையோடு நத்தைகளின் அளவுகள், படங்கள், தோற்றுப்போன சோதனைகள் எல்லாவற்றையும் அவள் அதில் ஏற்றிவிட்டாள்.

"தோத்ததையுமா போட்ட?" என்றான் தம்பி.

"அதையும்தான். அடுத்தவங்க அதே குழில விழாம இருப்பாங்கல்ல."

"எவனாவது எடுத்து தன் பேர்ல போட்டுட்டா?"

"தேதியோட என் பேர் இருக்குங்க. இனிமே யாராலயும் எடுக்க முடியாது. பூட்டி வெச்சாத்தான் பயம்."

அவன் பயம் அது இல்லை என்று எனக்குத் தெரியும். தனக்கு மட்டும் சொன்னதை ஊருக்கே சொல்லிவிட்டாளே என்பதுதான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் "நல்லா இருக்கு" என்றான்.

அன்றிலிருந்து சாயங்காலங்கள் மாறிப்போயின. அவள் கடைக்கு வருவாள், அதே நாற்காலியில் உட்காருவாள், ஆனால் கையில் போன். "இருங்க, ஒருத்தர் கேள்வி கேட்டிருக்கார்" என்பாள். எங்கேயோ ஒரு குளிர் பிரதேசத்தில் ஓடில்லாத நத்தைகளை வளர்க்கும் ஒருவர், ஒரு தீவில் ஆராய்ச்சிக்கூடமே இல்லாமல் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி வைத்து இவள் சோதனையைச் செய்து பார்த்த ஒரு மாணவி, இப்படி யார் யாரோ. அவர்களுக்கு அவள் சிரித்துக்கொண்டே பதில் எழுதுவாள். தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிற்பான். பிறகு மறுபடி ஓட்டுவான்.

ஒருநாள் சாப்பிடும்போது அவன் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். நத்தை தன்னுடைய சொந்தத் தடத்தையே சந்தித்தால் அதிலும் போகுமா என்று. அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், அதெல்லாம் இருக்கு" என்றாளாம். மறுநாள் கடையில் இதை என்னிடம் சொன்னான். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குச் சும்மா இருக்க வராது.

"எவனோ ஒருத்தன் கேட்டா பக்கம் பக்கமா எழுதறா, கட்டின புருஷன் கேட்டா 'ம்'மா?" என்றேன்.

அவ்வளவுதான். மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து அந்தத் தளத்தில் ஒரு பொய்க் கணக்கு ஆரம்பித்தான். பெயர் கேட்டது, வாயில் வந்த எதையோ போட்டான். தொழில் கேட்டது, "ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்" என்று போட்டான்.

"ஏண்டா வாத்தியார்?"

"வாத்தியார் கேட்டா யாராலயும் பதில் சொல்லாம இருக்க முடியாது."

அதே கேள்வியைத்தான் கேட்டான். சொந்தத் தடத்தைச் சந்தித்தால் நத்தை என்ன செய்யும், ஐயா-அம்மா என்று ரொம்ப மரியாதையாக. பதில் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. அந்த விவரம் கட்டுரையின் நாலாவது அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறதாம். ஆனால் "பாருங்கள், இருக்கிறது" என்று சொல்லி அவள் விட்டுவிடவில்லை. மூன்று பத்தி. தொடக்கத்தில் "மிக நல்ல கேள்வி, ஐயா." முடிவில் "நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நெஞ்சார்ந்த நன்றி." என் தம்பி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்க்கவில்லை.

பிறகு வாத்தியார் அடிக்கடி எழுத ஆரம்பித்தார். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே அவளுடைய மின்னஞ்சல் முகவரி இருந்ததால் பேச்சு அங்கே போனது. கேள்வி கேட்பதற்காகவே தம்பி அந்தக் கட்டுரையை அகராதியோடு உட்கார்ந்து முழுக்கப் படித்தான். வாத்தியார் இல்லையா, அதனால் கண்டிப்பாகவும் எழுதினான். இந்தப் படம் தெளிவாக இல்லை, இந்த வாக்கியம் நீளம், இங்கே நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் குறைவு. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினாள், சிலதைத் திருத்தினாள்.

திருத்திய கட்டுரையை அதே தளத்தில் இரண்டாம் தடவை ஏற்றியபோதுதான் வினை ஆரம்பித்தது. கடைசியில் நன்றி சொல்லும் பகுதி ஒன்று உண்டு. முதல் தடவை அதில் "கண்ணாடிப் பலகைகளை உருவாக்கித் தந்த என் கணவருக்கு" என்பது முதல் வரி. இப்போது முதல் வரியில் வாத்தியார். "பொறுமையோடு படித்து, தயங்காமல் குறை சொன்ன" வாத்தியார். கணவர் ஒரு வரி கீழே இறங்கியிருந்தார்.

"அக்கா, அந்தாளு ரொம்ப ஓவராப் போறான்," என்றான் என்னிடம்.

"எந்த ஆளு?"

"வாத்தியார்தான்."

"டேய், அது நீதானடா."

"தெரியும்," என்றான். "இருந்தாலும்."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று புரியவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்றால் யார் என்ன செய்வது? ஆனால் அவன் அவஸ்தை நிஜம். வீட்டில் அவள் போனைப் பார்த்துச் சிரிப்பாள். யார் என்று கேட்பான். "ஒரு வாத்தியார். நீங்க பார்த்ததில்ல. என்ன பொறுமையா படிக்கறார் தெரியுமா?" என்பாள். தான் எழுதியதற்குத்தான் சிரிக்கிறாள் என்று சந்தோஷப்பட வேண்டியவன், உள்ளுக்குள் வெந்துபோவான்.

"நானுந்தான் படிச்சேன்," என்று ஒரு தடவை சொல்லிவிட்டானாம்.

"எது, தலைப்பையா?" என்றாளாம் அவள்.

முழுக் கட்டுரையையும் அகராதி வைத்துப் படித்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும். அதைச் சொல்லவும் முடியாது. மென்று விழுங்கிக்கொண்டு தட்டைக் கழுவப் போயிருக்கிறான்.

வாத்தியாரைத் தீர்த்துக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தான். அவள் வெறுக்கும்படி ஒரு கடிதம் எழுதினால் போதும், உறவு முறிந்துவிடும். மத்தியானம் உட்கார்ந்து எழுதினான். எழுதும்போது மூக்கு விடைத்தது. சரிபார்க்காத ஆராய்ச்சியை இப்படி ஊர் பார்க்கத் திறந்து போடுவது பொறுப்பற்ற செயல், வீட்டில் பேச வேண்டியதை வீதியில் பேசுவது போன்றது, உங்கள் வீட்டில் கேட்க ஆளில்லையா என்று எழுதியிருந்தான். கடைசிக் கேள்வி வாத்தியார் கேட்டதில்லை, என் தம்பி கேட்டது. அனுப்பிவிட்டு என்னிடம் காட்டினான்.

அவள் கோபிக்கவில்லை. நீளமாகப் பதில் எழுதினாள். அதைத் தம்பி என்னிடம் படித்துக் காட்டினான், பாதியில் நிறுத்தினான், மீதியை நானே படித்தேன். மேசைக்குள் கிடக்கும் கட்டுரை யாருக்கும் உதவாது என்று எழுதியிருந்தாள். திறந்து போட்டதால்தான் தீவிலிருக்கும் அந்த மாணவி மழைநாளில் செய்து பார்த்து, ஈரம் அதிகமானால் கணக்கு மாறுகிறது என்று சொன்னாள், அந்தத் தப்பு எனக்கு இங்கே தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது என்று எழுதியிருந்தாள். பிறகு இப்படி இருந்தது: "வீட்டில் கேட்க ஆள் இருக்கிறார், ஐயா. என் கணவர். முன்பெல்லாம் அவரிடம்தான் முதலில் சொல்வேன். எதைச் சொன்னாலும் நல்லா இருக்கு என்பார். தப்பாகச் செய்தாலும் நல்லா இருக்கு என்பார். அது அன்பு. எனக்குத் தெரியும். ஆனால் நான் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு யாராவது வேண்டியிருக்கிறது. உங்களைப் போல."

நாத்தனார் என்பவள் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நல்லதாக நினைப்பது அபூர்வம். அன்றைக்கு அவள் சொன்னதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

"அப்ப நான் கேட்டது எல்லாம் வீணா?" என்றான் தம்பி.

"வாத்தியாரா கேட்டது வீணில்லையாம்," என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அதற்கப்புறம் வந்த கடிதம்தான் பெரியது. ஓடில்லாத நத்தைகளை வளர்க்கும் அந்தக் குளிர் பிரதேசத்து ஆள் அவளுடைய கட்டுரையைத் தன் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். அவர்கள் அவளை அழைத்திருக்கிறார்கள். மூன்று வருடம், தனி ஆய்வுக்கூடம், அங்கேயே தங்க வேண்டும். இதை அவள் வீட்டில் சொல்லவில்லை. வாத்தியாருக்கு எழுதினாள். "கணவரிடம் சொன்னால் உன் இஷ்டம் என்பார். அவர் கடையை விட்டு வர முடியாது, போகாதே என்று சொல்லவும் மனசு வராது. அதனால் முதலில் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் முகத்துக்காகப் பேசாதவர். என் ஆராய்ச்சி இந்த வாய்ப்புக்குத் தகுதியானதா? நான் போகலாமா? நீங்கள் வேண்டாம் என்றால் இதை இங்கேயே விட்டுவிடுவேன்."

அன்று என் தம்பி ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டான். அவன் கடை வைத்த நாளிலிருந்து நடக்காத காரியம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கத் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் மன்னிப்புக் கேட்டுக் கழற்றி வாங்கினேன். உள்ளே போனால், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, சக்கரத்தில் லென்ஸ் இல்லை, இவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

அவள் போனால் சாயங்காலங்களில் தம்பி மறுபடி என்னிடம் பேசுவான் என்று எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதை மறைக்க நான் என்ன சாமியாரா? ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்ததும் அந்த எண்ணம் ஓடிவிட்டது.

"வேண்டாம்னு எழுது," என்றேன். "ஒரு வரி போதும். வாத்தியார் சொன்னா கேப்பா."

"கேப்பா."

"அப்புறம் என்ன? எழுதிட்டு அந்தாள ஒரேயடியா மூடிடு. நிம்மதி."

அவன் கையைத் துண்டில் துடைத்தான். கணினி முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்றேன். "வேண்டாம்" என்று அடித்தான். அழித்தான். மறுபடி அடித்தான். கடைக்கு யாரோ வந்து கண்ணாடித் துணி கேட்டார்கள், நான் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் கடிதம் போய்விட்டிருந்தது.

"என்னடா எழுதின?"

"போகச் சொல்லிட்டேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"அந்த ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி, அக்கா. நான் முழுசா படிச்சிருக்கேன்." பிறகு துண்டை மடித்துக்கொண்டே சொன்னான்: "என்னக் கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருப்பேன். வாத்தியாரக் கேட்டுட்டா. அவர் பொய் சொல்ல மாட்டார்."

நான் போய் இயந்திரத்தை நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஜன்னலோரத்தில் அவளுடைய நத்தைப் பெட்டிகள், மேலே ஈரத்துணி. அவள் பரிமாறிவிட்டு உட்காராமல் நின்றாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நீங்களும் இருக்கும்போதே சொல்லிடறேன்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். குளிர் பிரதேசம், ஆய்வுக்கூடம், மூன்று வருடம். சொல்லும்போது புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப யோசிச்சேன். போகலாம்னு முடிவு பண்ணியிருக்கேன். உங்கள விட்டுட்டுப் போறது..." என்று தம்பியைப் பார்த்தாள். "எனக்குத் தைரியமே இல்ல. ஒருத்தர்தான் போன்னு நேரா சொன்னார்."

என் தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"யாரு?"

அவனுக்குத் தெரியாததா. ஆனாலும் கேட்டான். வாத்தியாரின் பெயரை அவள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தானா, அல்லது தன்னைப் பார்த்து, நீங்கதான் என்று சொல்லிவிடமாட்டாளா என்று ஏங்கினானா, எனக்குத் தெரியாது. நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"அந்த வாத்தியார்தான். உங்களுக்கு அவரத் தெரியாது," என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது. "என் வாழ்க்கையில யாருமே என்கிட்ட அவ்வளவு உண்மையா பேசினதில்லங்க."

பிசைந்த கை நின்றுவிட்டது.

"சரி. நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவள் கேட்டாள்.

"அதான் அவரே சொல்லிட்டாரே," என்றான் என் தம்பி. "இனிமே நான் சொல்ல என்ன இருக்கு?"

அவன் வருத்தப்படுகிறான் என்று நினைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அது வருத்தமும் இல்லை, நடிப்பும் இல்லை. அந்த ஆள் மட்டும் அப்போது எதிரில் உட்கார்ந்திருந்தால் என் தம்பி அவன் சட்டையைப் பிடித்திருப்பான்.